யாரும் கேட்காத சாவி

ஜனவரி 19, வெள்ளி

வங்கி அனுப்பிய இன்ஜினியர் இன்று நாங்கள் வாங்கப்போகும் வீட்டைப் பார்க்க வந்தான். ரகுபதி என்று பெயர். வீட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்று இவன் எழுதிக் கொடுத்தால்தான் என் மகன் கனகராஜுக்கு லோன் கிடைக்கும். கனகராஜுக்குக் கம்பெனியில் ஷிப்மெண்ட் வேலை, மருமகள் சுகந்திக்கும் லீவு இல்லை. அதனால் என்னிடம் சாவியைக் கொடுத்து ஆட்டோவில் அனுப்பினார்கள். பின்னலாடைக் கம்பெனியில் முப்பது வருடம் மடிப்பு வேலை பார்த்தவளுக்கு ஒரு பூட்டைத் திறக்கத் தெரியாதா?

காரில் வந்தான். கண்ணாடியை மட்டும் இறக்கினான். ஆட்டோக்காரரின் செல்போனில் மணி பார்த்தேன், பதினொன்று இருபது. எதிர்க் கடையில் இளநீர் வாங்கி வரச் சொல்லி, காரில் உட்கார்ந்தபடியே குடித்தான். காரில் இருந்தே இரண்டு போட்டோ எடுத்தான். பிறகு இறங்கி, கேட்டுக்கு முன்னால் நின்று தன்னையும் வீட்டையும் சேர்த்து ஒன்று எடுத்துக்கொண்டான்.

"எல்லாம் நல்லாத்தான இருக்குது ஆத்தா?"

"எனக்கு என்னுங் தெரியும், நீங்கதான் படிச்சவிங்க."

சிரித்தான். பதினொன்று முப்பத்தொன்றுக்குக் கிளம்பிவிட்டான். சாவி என் சேலைத் தலைப்பில் முடிந்தது முடிந்தபடி இருந்தது. அவன் அதைக் கேட்கவே இல்லை. வேறு எதுவும் கேட்கவும் இல்லை.

இந்த டைரி கனகராஜ் கம்பெனியில் பொங்கலுக்குக் கொடுத்தது. "ஆத்தா, உங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே, எழுதி வைங்க" என்று பேத்தி தாரணி கொடுத்தாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கோணலாக வரும். ஞாபகம் கோணாது.

ஜனவரி 20, சனி

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அது எந்த இடம் என்று எனக்குத் தெரியும்.

இப்போது கதிரவன் கார்டன் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். வரிசையாக மூன்று புது வீடுகள். நாங்கள் வாங்கப்போவது நடுவீடு. எதிரே ரோட்டோரம் ஒரு பாறை, அதில் பாதியை உடைத்துவிட்டார்கள். மிச்சப் பாதியைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. நான் துணி துவைத்த பாறை அது. அப்படியென்றால் இது எங்கள் ஊர்க் கருப்பாத்தாளின் காடு, அவள் வெள்ளாமை வைத்த நிலம்.

எண்பத்து மூன்றாம் வருடம் பஞ்சம். எங்கள் வளவில் எந்த வீட்டிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. கனகராஜுக்கு மூன்று வயது, உடம்பு அனலாகக் கொதித்தது. கருப்பாத்தாளின் கிணற்றில் அறுபத்திரண்டு படி இறங்கி ஒரு குடம் மொண்டு மேலே ஏறி வந்தேன். கடைசிப் படியில் நின்றிருந்தாள். குடத்தை என் இடுப்பிலிருந்து பிடுங்கி, கிணற்றுக்குள்ளேயே மறுபடியும் கவிழ்த்தாள். அவ்வளவு ஆழத்தில் தண்ணீர் தண்ணீரில் விழுந்த சத்தம் மேலே வந்து சேர ஒரு மூச்சு நேரம் ஆயிற்று. அந்த வாரமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருப்பூருக்கு வந்துவிட்டேன்.

அவள் செத்துப் போனாள். காட்டை வீட்டு மனையாகப் போட்டு விற்பது அவள் பேரன் லோகநாதன். என்னை யாரென்று அவனுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அவள் மண்ணில் என் அடுப்பு எரியட்டும். அது போதும்.

பிப்ரவரி 6, செவ்வாய்

லோன் கிடைத்துவிட்டது. இன்ஜினியர் மூன்றே நாளில் ரிப்போர்ட் கொடுத்துவிட்டானாம். கனகராஜ் ஜிலேபி வாங்கி வந்தான். கல்யாணம் ஆனதிலிருந்து பதினோரு வாடகை வீடு மாறியவன் அவன்.

"இனி எந்த வீட்டுக்காரனும் ஆணி அடிக்காதேன்னு சொல்ல முடியாதுங்கம்மா" என்றான்.

"மொதல்ல அத்தைக்குத்தான் ஆணி அடிக்கோணும், எந்நேரமும் சுவத்துல எதையாச்சும் மாட்டோணும்" என்றாள் சுகந்தி. என்னை இப்படிக் குத்துவது இது பத்தாவது தடவை. எண்ணி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

பால் காய்ச்சினோம். தீப்பெட்டியை என்னிடமே கொடுத்தார்கள். பால் கிழக்குப் பக்கம் வழிந்தது, எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அடுப்பு முன்னால் நின்று மனசுக்குள் கருப்பாத்தாளிடம் இரண்டு வார்த்தை பேசினேன். எழுதுகிற வார்த்தை இல்லை.

கிழக்கு ஓரத்து அறை தாரணிக்கு. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை, தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். மேற்குப் பக்கத்து அறையைக் கொடுக்கலாமே என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை.

ஏப்ரல் 9

தாரணி அறைக் கதவு கீழே உரசுகிறது. தச்சனை வரச் சொல்ல வேண்டும்.

மே 13, திங்கள்

கோடை மழை. கிழக்கு வீட்டுக்கு ஆள் குடி வந்துவிட்டார்கள். சின்ன வயசுப் பெண், ஷர்மிளா. கைக்குழந்தை, நாலு மாதம். புருஷன் சாயப்பட்டறையில் கணக்கு எழுதுகிறான். முன் போர்டிகோவில் காற்று வருகிறது என்று கொக்கி போட்டு அங்கேயே தொட்டில் கட்டியிருக்கிறாள்.

"உங்களுக்கும் பேங்க் லோனா கண்ணு?"

"ஆமாங் ஆத்தா. உங்க பேங்க்தான், உங்களுக்கு வந்த அதே இன்ஜினியருதான்."

"உள்ள வந்து பாத்தானா?"

"அவரு வந்ததே எங்களுக்குத் தெரியாதுங். ரிப்போர்ட்டு மட்டும் வந்துருச்சு."

தொட்டிலை வீட்டுக்குள்ளே, பின்பக்கம் கட்டு, போர்டிகோவில் கொசு வரும் என்றேன். கொசு வலை இருக்குதுங் என்று காட்டினாள்.

ஜூன் 21, வெள்ளி

தாரணி அறையில் பேனா கீழே விழுந்தால் நிற்பதில்லை. கிழக்கு மூலைக்கு உருண்டு போகிறது. அவள் அதை விளையாட்டாக்கி, பேனா, பென்சில், கோலிக்குண்டு என்று ஒவ்வொன்றாக உருட்டிக் காட்டினாள்.

"ஆத்தா, எல்லாமே அங்கதான் போகுது பாருங்க!"

பார்த்தேன். அந்த மூலையில் சுவரில் ஒரு நூல் கீறல். நாள்காட்டித் தாளைக் கிழித்து, சோற்றுப் பசை தடவி, கீறலுக்குக் குறுக்கே ஒட்டினேன். சுவர் விலகினால் தாள் கிழியும்.

ஜூலை 3, புதன்

தாரணியை ஹாலுக்கு மாற்றிவிட்டு நான் கிழக்கு அறைக்கு வந்துவிட்டேன். முட்டிவலி, கக்கூஸ் பக்கத்தில் இருக்கிறது என்று சொன்னேன்.

"வயசான காலத்துல தனி ரூம் கேக்குதாக்கும்" என்று சுகந்தி போனில் அவள் அக்காவிடம் சொன்னது கேட்டது. சொல்லட்டும். பேத்தியின் கட்டிலும் ஹாலுக்குப் போயாயிற்று. நான் தரையில் பாய் போட்டுப் படுக்கிறேன். காது தரையில் படுகிறது.

ஜூலை 19

தாள் கிழிந்துவிட்டது. வேறு ஒட்டினேன்.

ஜூலை 30

அதுவும் கிழிந்துவிட்டது.

ஆகஸ்ட் 12, திங்கள்

கீறலில் இப்போது விரல் நுழைகிறது. கொத்தனார் ஒருவர் வந்து பூசினார். பூசி முடித்துக் கரண்டிக் காம்பால் தரையைத் தட்டிப் பார்த்தார். மூலைக்குப் போகப் போகச் சத்தம் மாறியது.

"அடியில பொக்குனு கேக்குதுங். மண்ணு கீழ எறங்கியிருக்குது. இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?"

"காடு" என்றான் கனகராஜ்.

என்னைப் பார்த்து யாரும் கேட்கவில்லை. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

லோகநாதனுக்குப் போன் போட்டால் எடுப்பதில்லை. இளநீர் குடிக்க நேரம் இருந்த அந்த இன்ஜினியருக்குக் கதவைத் திறக்க நேரம் இல்லை. எல்லாம் அவன் செய்த வினை. பதினோரு நிமிடம். இறங்கி ஒரு தட்டுத் தட்டியிருந்தால் தெரிந்திருக்கும். ஒன்றும் பார்க்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

கனகராஜ் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் இன்ஜினியரைச் சொந்தச் செலவில் கூட்டி வந்தான். அவள் காரை விட்டு இறங்கியதும் முதலில் கேட்டது சாவியை.

கிழக்கு அறை மூலையில் டைல்ஸை உடைத்து ஆள் விட்டுத் தோண்டச் சொன்னாள். இரண்டடி மண். அப்புறம் கட்டட இடிசல். ஐந்தடியில் கடப்பாரை சொத்தென்று இறங்கியது. ஆள் இழுத்தார், துணி வந்தது. இழுக்க இழுக்க வந்தது. பனியன் கட்டிங் வேஸ்ட். சிவப்பு, இங்க் நீலம், நாறிப் போய், தண்ணீர் சொட்டிக்கொண்டு.

"இது கெணறுங்க" என்றாள் அந்தப் பெண். "குப்பையைக் கொட்டி மூடி, அது மேல வீடு கட்டியிருக்காங்க. துணி மக்க மக்க வீடு எறங்கும். இந்த ரூமை யாரும் பொழங்காதீங்க."

"எவ்வளவு பெரிய கெணறுங்க?" என்றான் கனகராஜ்.

"தெரியல. ரவுண்டு கெணறா இருந்தா இந்த மூலையோட போச்சு. பழைய வரைபடத்துக்குத் தாலுகா ஆபீஸ்ல மனு போடறேன். மதிப்புப் போட வந்த வேல்யூவர் செஞ்சிருக்க வேண்டிய வேலை. அரை நாள் வேலைங்க."

கனகராஜ் அந்த ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான். நாற்பத்து நாலு வயசு ஆம்பளை.

துணியைப் பொடக்காலியில், வீட்டுக்குப் பின்னால், குவித்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சிவப்பு எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் எங்கள் கம்பெனி லாரியில் கட்டிங் வேஸ்ட் ஏற்றும்போது, எங்கே கொண்டு போய்க் கொட்டுகிறாய் என்று டிரைவரைக் கேட்டேன். கருப்பாத்தா கெணத்துல என்றான். அன்று சாயங்காலம் கால் கிலோ அல்வா வாங்கித் தனியாகத் தின்றேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

வங்கியிலிருந்து ரிப்போர்ட் நகல் வாங்கி வந்தார்கள். சுகந்தி படித்துச் சொன்னாள். உள் அறைகள் நேரில் பார்வையிடப்பட்டன என்று இருக்கிறது. அப்புறம் ஒரு வரி: "உள்ளூர் முதியவர் ஒருவரிடம் விசாரித்ததில், மனையில் கிணறு, குட்டை எதுவும் இருந்ததில்லை எனத் தெரிந்தது."

"அப்பட்டமான பொய்!" என்றான் கனகராஜ். "எந்த முதியவரு? இங்க அப்ப ஆளே இல்ல. அம்மா, நீங்கதான கூட இருந்தீங்க. யாரையாச்சும் கேட்டானா?"

"கேக்கல."

"உங்களைக் கேட்டானா?"

"சாவியே கேக்கலைங்கறேன்."

கேஸுக்குக் கனகராஜ் அமர்த்திய வக்கீலுக்கு இந்த வரிதான் பிடித்திருக்கிறதாம். கேட்காததைக் கேட்டதாக எழுதியிருக்கிறான் என்று நிரூபித்தால் போதும், கேஸ் நம் பக்கம் என்கிறார். நான்தான் சாட்சி. அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி வங்கி விசாரணை அதிகாரி வந்து என்னிடம் எழுதி வாங்குவார்.

அக்டோபர் 2, புதன்

ஷர்மிளா குழந்தையோடு வந்தாள். ஆறுதலுக்கு வந்தவள்.

"உங்க வீட்டுக்கு இப்பிடி ஆயிருச்சேங் ஆத்தா. நல்ல வேளை, எங்களுக்கு வெசனமில்லீங். எங்க ரிப்போர்ட்டுல தெளிவாப் போட்டிருக்குது, உள்ளூர்ப் பெரியவங்களைக் கேட்டாச்சு, கெணறு இல்லைன்னு."

கையில் இருந்த தட்டம் நழுவிவிட்டது. குழந்தை அந்தச் சத்தத்துக்குச் சிரித்தது.

"பிள்ளையக் கூட்டிட்டு அம்மா ஊட்டுக்குப் போயி ஒரு மாசம் இருந்துட்டு வாயேன் கண்ணு. தீவாளி வருது."

"அவருக்குச் சோறு யாருங் ஆக்குவா?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 4

தொட்டில் அங்கேதான் ஆடுகிறது.

அக்டோபர் 5

ஆடுகிறது.

அக்டோபர் 8, செவ்வாய்

வீட்டில் நான் மட்டும் இருந்தேன். இன்ஜினியர் ரகுபதி வந்தான். இந்தத் தடவை காரை ரோட்டிலேயே விட்டு, செருப்பைக் கழற்றி, உள்ளே வந்தான். கிழக்கு அறைக் குழியை எட்டிப் பார்த்தான். சட்டை நனைந்திருந்தது.

"ஆத்தா, பேங்க்ல என்னைய நிறுத்தி வெச்சுட்டாங்க. லைசென்ஸும் போயிரும். நீங்களே சொல்லுங்க. நான் உங்களைக் கேட்டனா இல்லீங்களா?"

"எதை?"

"கார்ல உக்காந்துட்டு, ஆத்தா இங்க முன்னாடி கெணறு கிணறு ஏதாச்சும் இருந்துச்சான்னு கேட்டேன். நீங்க இல்லைன்னு தலைய ஆட்டுனீங்க."

"நான் வாயத் தொறந்து சொன்னனா?"

"ஆத்தா…"

"சாவி எங்கிட்ட இருந்துச்சு. நீ கேட்டயா? ரூமுக்குள்ள போனேன்னு எழுதியிருக்கறயே, எந்தக் கால்ல போன? கெழவி தலைய ஆட்டுனா அதான் உனக்கு வரைபடமா? எங்கழுத்து வலிக்குக்கூட ஆட்டியிருப்பேன்!"

கீழே உட்கார்ந்துவிட்டான். நான் கேட்டேன்.

"கெழக்கு வீட்டுக்கு யாரைக் கேட்டே?"

குழியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரையும் இல்லீங். மூணு வீட்டுக்கும் ஒரே ரிப்போர்ட்டுத்தான். பேரும் அளவும் மட்டும் மாத்துனேன்."

"அப்ப தொட்டில் இருக்கற வீட்டுக்கும் என் தலைதானா?"

எழுந்து போய்விட்டான். நான் தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

மூன்று நாளாக மழை. ஐப்பசி பிறக்கும் முன்னேயே இப்படி. குழிக்குள் தண்ணீர் ஊறி நிற்கிறது, காலையில் பார்த்ததைவிட மத்தியானம் ஒரு சாண் கூட. வரைபடம் இன்னும் வரவில்லை.

அது ரவுண்டு கிணறு இல்லை. சதுரக் கிணறு. ஒரு பக்கத்துக்கு நாற்பதடி. தாரணி அறை மூலை அதன் மேற்குக் கரை மட்டும்தான்.

அக்டோபர் 15, செவ்வாய்

மழை கொஞ்சம் விட்டது, பதினொரு மணி இருக்கும். பொடக்காலிக்குப் போய்ப் பனியன் துணியில் சிவப்பை மட்டும் பொறுக்கிக் கூடையில் போட்டேன்.

"அத்தை, ஈரத்துல என்ன பண்றீங்க, வழுக்கி விழுந்தா யாரு பாக்கறது?" என்று, மழைக்கு லீவு போட்டிருந்த சுகந்தி கத்தினாள்.

எதிர்ப் பாறைக்குப் போய் நின்றேன். குடத்தோடு எத்தனை எட்டு நடந்தேன் என்று என் காலுக்குத் தெரியும். பதினெட்டு எட்டு, அங்கே முதல் படி. அந்த இடத்தில் துணி வைத்துக் கல் வைத்தேன். அங்கிருந்து கிணற்றுக் கரை போன வழியே சிவப்புத் துணியை வைத்துக்கொண்டே நடந்தேன். எங்கள் வீட்டுச் சுவரோரம், சந்து, பிறகு ஷர்மிளா வீட்டு கேட். கேட்டைத் திறந்து உள்ளே போனேன். கார் நிற்கிற இடம் முழுவதும் கிணற்றுக்குள். போர்டிகோ முழுவதும் கிணற்றுக்குள். சிவப்புத் துணியை வாசற்படி ஓரமாகப் போட்டு அந்தப் பக்கம் திருப்பினேன். தொட்டில் நட்டநடுவில் இருந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

ஷர்மிளா வெளியே வந்தாள். "ஆத்தா, என்னுங் இது, குப்பையக் கொண்டாந்து…"

"இது கெணறு. பிள்ளையத் தூக்கு."

"என்னுங்?"

"பிள்ளையத் தூக்கு கண்ணு! இந்தச் சிவப்புக்கு உள்ள நிக்காதே. நான் இதுல எறங்கித் தண்ணி மொண்டிருக்கறேன். உங்க ரிப்போர்ட்டுல இருக்கற உள்ளூர்ப் பெரியவ நாந்தான்."

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி ரோட்டுக்கு ஓடினாள். பின்னால் சுகந்தி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். என்னைத் திட்டாமல் கனகராஜுக்குப் போன் போட்டாள். இருபது வருடத்தில் முதல் தடவை.

அக்டோபர் 17, வியாழன்

காலை ஏழு மணி. பால் பாக்கெட் வெட்டிக்கொண்டிருந்தேன். கல் லாரி கவிழ்ந்த மாதிரி சத்தம்.

ஷர்மிளா வீட்டுப் போர்டிகோ உள்ளே போய்விட்டது. தூண் இரண்டும் போய்விட்டது. சிவப்புத் துணி வரைக்கும் போயிருக்கிறது, அதைத் தாண்டி ஒரு விரற்கடை இல்லை. அவர்கள் மூன்று பேரும் செவ்வாய்க்கிழமையே அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். எங்கள் கிழக்கு அறைச் சுவர் வெளிப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. எல்லோரும் வெளியே வரும்படி தீயணைப்புக்காரர்கள் சொன்னார்கள். எதிர்க் கடைக்காரர் அவர் கடை மாடியில் இடம் கொடுத்திருக்கிறார். அங்கிருந்துதான் எழுதுகிறேன். ஜன்னலில் பார்த்தால் கிணறு தெரிகிறது. மறுபடியும் வாயைத் திறந்துவிட்டது.

அக்டோபர் 18, வெள்ளி

வங்கி அதிகாரி பன்னிரண்டு மணிக்கு வருகிறார். வக்கீல் காலையில் போன் செய்து, அம்மாகிட்ட எதுவும் கேக்கலைன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க, நேத்து நடந்ததுக்கு அப்புறம் கேஸ் இன்னும் பலம் என்றாராம்.

கனகராஜ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மூன்று நாளாகப் பேசாதவன்.

"லோன் கெடைக்காமப் போயிருமேன்னுதான சொல்லாம இருந்தீங்க? எனக்கு ஊடு வேணும்னுதான?"

என் பிள்ளை எனக்கு ஒரு வழி விட்டான். தலையை ஆட்டினால் போதும்.

"இல்ல சாமி. எனக்கு அவ மண்ணு வேணும்னு இருந்துச்சு."

"தாரணிய அந்த ரூம்ல படுக்க வெச்சேன், அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"அந்தக் கைக்கொழந்தை?"

"அதிகாரிகிட்ட ரெண்டையும் சொல்லுவேன். சாவி கேக்கல. கெணறு கேட்டான்."

அவன் முகம் வேர்த்திருந்தது. மூன்று வயசில் காய்ச்சல் கண்ட அதே முகம். மூலையில் இருந்த குடத்தில் ஒரு சொம்பு மொண்டு நீட்டினேன். வாங்கினான். சொம்பைக் கொஞ்ச நேரம் பார்த்தான். எழுந்து போய், குடத்துக்குள்ளேயே மறுபடியும் ஊற்றிவிட்டு, படி இறங்கிப் போனான்.

தண்ணீர் தண்ணீரில் விழுகிற சத்தம். நாற்பத்தோரு வருடமாக எனக்குத் தெரிந்த சத்தம்.